இலாபம் யாருக்குரியது என்ற உன் கேள்வி

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

கூட்டாண்மை ஆளுகை, அதாவது கம்பனிகள் யாருக்காக எப்படி நடத்தப்படுகின்றன என்பது, பற்றிய உன் ஆய்வின் இரண்டாம் அத்தியாயத்தை வாசித்து முடித்தேன். கணக்காய்வில் காலம் கழித்தவன் என்பதால் என் கண் முதலில் எண்களிடம்தான் போனது. 2003 முதல் 2012 வரை அமெரிக்காவின் 449 பெரிய கம்பனிகள் தமது இலாபத்தில் 54 வீதத்தை, அதாவது ஏறத்தாழ 2.4 இலட்சம் கோடி டொலரை, சொந்தப் பங்குகளை மீள்கொள்வனவு செய்யச் செலவிட்டன என்றும், மேலும் 37 வீதம் பங்கிலாபமாகப் போனது என்றும் அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் லசோனிக் 2014இல் காட்டிய கணக்கை எடுத்தாண்டிருக்கிறாய். ஆனால் மீதி 9 வீதமே புத்தாக்கத்துக்கு எஞ்சியது என்று நீ முடித்திருப்பது நிற்காது. சம்பளமும் ஆராய்ச்சிச் செலவின் பெரும்பகுதியும் இலாபத்தைக் கணிக்க முன்பே கழிக்கப்பட்டுவிடும். பரீட்சகர் முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான், திருத்திவிடு.

லசோனிக்கின் வாதத்தின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. சந்தையில் பங்கு வாங்குபவர் பணத்தைக் கொடுப்பது பெரும்பாலும் கம்பனிக்கு அன்று, விற்கும் இன்னொரு பங்குதாரருக்கே. அப்படியிருக்க, மிஞ்சும் இலாபம் முழுவதும் அவருக்கே உரியது என்பதற்கு என்ன நியாயம்? பலன் கிடைக்குமா என்று தெரியாத காலத்தில் உழைப்பைப் போட்ட தொழிலாளரும், வரிப்பணத்தால் ஆராய்ச்சிக்குக் கைகொடுத்த மக்களும் ஆபத்தில் பங்கெடுத்தவர்களே. சீனக்குடாப் பக்கத்து ஆலையொன்றில், ஓடும் இயந்திரத்தின் பெயாரிங்கில் திருப்புளியை ஊன்றி, அதன் பிடியைக் காதோடு வைத்து, எது பழுதடையப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் பிற்றர் (இயந்திரம் பொருத்துநர்) ஒருவரைக் கண்டிருக்கிறேன். அந்த ஆலையின் ஐந்தொகையில் இயந்திரத்துக்கு ஒரு பெறுமதி இருந்தது, அவர் காதுக்கு இருக்கவில்லை. ‘நிறுவனத்துள் ஒருங்கிணைவு’ என்று நீ பக்கக்கணக்கில் விளக்குவது இத்தகைய அறிவைக் கம்பனிக்குள் தக்கவைப்பதைத்தான் என்று நினைக்கிறேன்.

வரம்புக்குள் செய்யப்படும் மீள்கொள்வனவைச் சந்தையைத் திரிக்கும் குற்றமாகக் கொள்வதில்லை என்ற 1982ஆம் ஆண்டு அமெரிக்க விதியையும், பங்கு விலையோடு பிணைந்த நிறைவேற்று அதிகாரிகளின் ஊதியத்தையும் நீ தெளிவாகவே எழுதியிருக்கிறாய்.

என் ஐயம் கடைசிப் பகுதியைப் பற்றியது. அமெரிக்காவில் பங்குரிமை பலரிடம் சிதறிக்கிடப்பதால் முகாமையாளரும் சந்தையும் இலாபத்தை வெளியே இழுக்கிறார்கள். எங்கள் நாட்டிலோ பட்டியலிடப்பட்ட கம்பனிகள் பலவற்றில் பெரும்பான்மைப் பங்கு ஒரு குடும்பத்திடமோ தாய்க்கம்பனியிடமோ இருக்கிறது. உடனடிப் பலனை எதிர்பாராமல் காத்திருக்கும் ‘பொறுமையான மூலதனம்’ இங்கே அந்தக் கையிலிருந்தே வரக்கூடும். அதே கை இலாபத்தைத் தன் வேறு கம்பனிக்குத் திருப்பிவிடவும் கூடும். ஆகவே இலங்கை பற்றிய அத்தியாயத்தில் மீள்கொள்வனவைத் தேடி மெனக்கெடாமல், ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில் சிறிய எழுத்தில் வரும் ‘தொடர்புடைய தரப்பினருடனான கொடுக்கல்வாங்கல்’ குறிப்புகளைப் பத்து வருடத்துக்காவது வரிசையாக வைத்துப் பார். நீ தெரிவுசெய்யும் கம்பனிகளின் பெயர்களை அனுப்பினால், அந்தக் குறிப்புகளை நானே வாசித்து அட்டவணையாக்கித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா