கூடங்குளத்தில் ஓர் அறை போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எதிலும் எளிதில் படாமல் ஊடுருவிப் போகும் நுண்துகளான நியூட்ரினோ பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையை எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் உரக்கப் படித்தார். முடித்ததும் கடைக்கார அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "சார்வாள், கூடங்குளத்துல இருந்தும் இது வருதாம்லா. நம்ம மேலயும் படுமோ?" என்றார்.

வரும். அணு உலை ஓடும் நேரமெல்லாம் நியூட்ரினோவின் எதிர்த்துகளான எதிர் நியூட்ரினோக்கள் கொட்டிக்கொண்டே இருக்கும். உலையிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். ஓர் உலை முழுத்திறனில் ஓடினால் விரல் நகத்தளவு இடத்தில் நொடிக்கு ஒரு கோடி விழும் என்று வடை மடித்த தாளிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். அண்ணாச்சி வாயைப் பிளந்தார். அதே இடத்தில் சூரியனிலிருந்து 6,500 கோடி விழுகிறது என்றதும் சிரித்துவிட்டார். அதற்கு முன் நம் உலை தருவது கொசுறுதான். இரண்டுமே உடம்பை ஒன்றும் செய்யாமல் ஊடுருவிப் போய்விடும்.

சரி, எதிலும் படாமல் போவதை எப்படி ஆராய்வது? கட்டுரை இதைத் தொடவே இல்லை. எப்போதாவது ஒன்று ஏதோ ஓர் அணுக்கருவில் மோதும். ஆற்றல் குறைந்ததாக இருந்தால் கருவை உடைக்காது, மொத்தமாக லேசாகத் தள்ளும். ஆனித் திருவிழாவுக்கு நிற்கும் நெல்லையப்பர் தேரில் ஒரு பட்டாணியை எறிந்துவிட்டு, தேர் அசைந்ததா என்று பார்ப்பது போல. கருவில் நியூட்ரான் கூடினால் மோதும் வாய்ப்பு அதன் வர்க்கமாக ஏறும். ஆனால் கரு கனக்கக் கனக்க அசைவு சிறுத்துப்போகும். கருவி செய்கிறவர்களுக்கு இந்த இழுபறிதான் தலைவலி. இப்படி ஓர் அசைவு இருக்கும் என்று இயற்பியலாளர் டேனியல் ஃப்ரீட்மன் 1974-இல் கணித்ததை 2017-இல்தான் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் கண்டார்கள். அதற்குத் தேவைப்பட்டது வெறும் 14.6 கிலோ சீசியம் அயோடைடு படிகம். சுவிட்சர்லாந்தில் லைப்ஸ்டாட் அணுமின் நிலையத்திலும் சில கிலோ ஜெர்மானியத்தை வைத்து இதைப் பார்த்துவிட்டார்கள்.

நியூட்ரினோ ஆய்வகத்துக்காகத் தேனி பொட்டிப்புரத்தில் மலையைக் குடைவதா என்று வழக்கும் போராட்டமும் நடந்தன. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் இதற்கு மலை வேண்டாம். உலைக்கு அருகே நல்ல கவசம் போட்ட ஓர் அறை போதும். மும்பை துருவா ஆராய்ச்சி உலைப் பக்கம் நம்மவர்கள் கருவி வைத்து எதிர் நியூட்ரினோவைத் தேடுகிறார்கள். இங்கே நெல்லை, நாகர்கோவில் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளோ கூடங்குளத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. அவர்களுக்கு அங்கே ஓர் அறை கிடைக்குமா என்று உங்கள் நிருபர் அதிகாரிகளிடம் கேட்டு எழுதலாமே.

அப்புறம் ஒரு திருத்தம். நியூட்ரினோவை முதலில் கண்டது கோலார் சுரங்கத்தில் என்று போட்டிருக்கிறீர்கள். 1965-இல் அங்கே கண்டது வளிமண்டல நியூட்ரினோவை, அதாவது விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறப்பதை. 1956-லேயே ரைன்ஸும் கோவனும் அமெரிக்காவில் முதல் நியூட்ரினோவைப் பிடித்துவிட்டார்கள், அதுவும் ஓர் அணு உலைக்குப் பக்கத்தில்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
ராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்