முன் ஷாக்கில் எண்ணெய் வளையம்

அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய மூன்று போட்டோவும் வந்தன. நீ வாங்கிய பழைய மலைச் சைக்கிளின் முன் ஷாக்கில், அதாவது ஃபோர்க்கில், தூசியைத் தடுக்கும் ரப்பர் வளையமான டஸ்ட் சீலுக்கு மேலே பைப்பில் கறுப்பாக ஓர் எண்ணெய் வளையம், அதில் மண். "ஓட்டலாமாப்பா?" என்று ஒரு வரி. அதோடு சரி, இரண்டு ஞாயிறு ஆயிற்று, போன் இல்லை. மூன்று போட்டோவிலும் உன் இடது கை சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. எதேச்சையாக இருக்கும்.

ஓட்டாதே. சர்வீஸ் முடியும்வரை துரஹள்ளிக் காட்டுப் பக்கமே போகாதே.

"ஒரு வருஷமா சும்மாதான் நின்னுச்சு" என்று விற்றவன் சொன்னானாம், நீயும் தலையாட்டினாயாம். சும்மா நின்ற வண்டிதான் மோசம். சீலுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சு வளையம் உண்டு. எண்ணெயில் ஊறியே கிடக்க வேண்டியது, நின்றால் காய்ந்துபோகும். உன் ஃபோர்க்கைச் செய்த ராக்‌ஷாக்ஸ்காரனே 50 மணி நேரம் ஓட்டியதும் ஒருமுறை ஃபோர்க்கின் கீழ்ப்பாதியான பாட்டத்தைக் கழற்றித் துடை என்கிறான். சனி ஞாயிறு சேர்த்து நாலு மணி நேரம் நீ ஓட்டினால் மூன்று மாசம்தான் கணக்கு. வாங்குமுன் அப்பனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போகட்டும். தானே பிரிக்கிறேன் என்கிறாளே என் மகள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

முதலில் ஃபோர்க்கின் காற்றை இறக்கு. ஃபோர்க்கின் இடது கால் உச்சியில் உள்ள மூடியைத் திறந்தால் வால்வு இருக்கும். காற்று இருக்கும்போது எதையும் கழற்றாதே. முன் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் காலிப்பரையும் கழற்றி பாலிதீன் கவரில் சுற்று. எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டாலும் பிரேக் பேடு செத்தது. ஃபோர்க்கின் இரண்டு காலின் அடியிலும் இருக்கும் போல்ட்டுகளை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, ஒவ்வொன்றின் தலையிலும் ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு. 'தொக்' என்று உள்ளே விட்டுக்கொடுக்கும். அப்புறம் போல்ட்டுகளை எடுத்து, பாட்டத்தை இழு. வரும் எண்ணெய் சாம்பல் நிறமாக இருந்தால் உள்ளே மண் போயிருக்கிறது.

பைப்பில் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டிப் பார். நகம் மாட்டினால் கீறல் ஆழம், புது சீல் போட்டாலும் கசியும், நிறுத்திவிட்டு எனக்குச் சொல். மாட்டாவிட்டால் பனியன் வேஸ்ட்டில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடை. நான் பெட்ரோலில் கழுவுகிற ஆள், நீ அதைப் பார்த்து வளர்ந்தவள், அதனால் சொல்கிறேன்: பெட்ரோல் பட்டால் ரப்பர் ஊதிவிடும். புது ஸ்பாஞ்சை எண்ணெயில் முக்கி வை. மோட்டார் பைக் ஃபோர்க் மாதிரி டம்ளர் கணக்கில் ஊற்றாதே, இதற்குக் காலுக்கு 10 மில்லி போலத்தான், உன் மாடலுக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள். போல்ட்டுக்கு, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு இரவல் வாங்கு, 7.3 நியூட்டன் மீட்டர். காற்றை முதலில் இறக்கு என்று சொன்னேன் அல்லவா?

தம்பி சௌக்கியம். மழை இல்லை.

குஞ்சப்பனை வளைவில் நாய் குறுக்கே வந்தது என்று உங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். நாய் இல்லை. மூன்று வாரமாக என் மோட்டார் பைக் ஃபோர்க்கில் அதே எண்ணெய் வளையம். பத்துப் பேர் வண்டிக்கு சீல் மாற்றினேன், என் வண்டியை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடித்தேன், முன்பக்கம் அமுங்கியது, அடுத்த குழியில் சக்கரம் தவளை மாதிரி குதித்தது. அம்மா பின்னால் இருந்தாள். இன்றைக்கும் படியேறும்போது அந்தக் கால்தான் பின்தங்குகிறது. அவளுக்கு நாய் இல்லை என்று தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. உன் போட்டோவைக் காட்டியபோது அந்த வளையத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நீ யாருக்கும் நாய்க் கதை சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் வேண்டவே வேண்டாம்.

சீலும் ஸ்பாஞ்சும் வாங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, கடை லீவுதான். நான் பார்க்கப் பார்க்கப் பிரி. பாட்டத்தை இழுக்க இரண்டு கையும் வேண்டும். இரண்டும் எனக்குத் தெரிகிற மாதிரி போனை வை.

அப்பா