சிவப்பு விளக்கு எரியவில்லை

சின்னமனூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, தைலத்தை மாற்றியிருக்கிறோம். மூணாவது வீட்டு அத்தை பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. காது என்றதும் ஞாபகம் வருகிறது, மேடையில் நிற்கும்போது அந்த ரப்பர் அடைப்பானை மறக்காமல் வைத்துக்கொள். வாட்ஸப்பில் நீளமாக அனுப்பினால் "அப்புறம் படிக்கிறேன்ப்பா" என்பாய். அதனால் நோட்டில் எழுதி, தம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அவன் படிக்கமாட்டான். எதைத்தான் படித்திருக்கிறான்.

பெர்லினில் நீ டீஜேயாக வாசிக்கிறதை எடுத்துப் போன மாதம் அனுப்பின வீடியோவைப் பார்த்தேன். அம்மா ஒரு தடவை பார்த்துவிட்டு "இளைச்சுட்டா" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் ஒன்பது பத்து தடவை பார்த்திருப்பேன். நல்ல கை உனக்கு. ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடம் எங்கே என்று கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று தடவை ஆனது. அந்தக் காலத்தில் லோ வோல்டேஜில் இசைத்தட்டு சுற்ற முடியாமல் பாட்டு இழுக்கும், ஓரத்தில் விரலை வைத்து லேசாகத் தள்ளிவிட்டுச் சரிபண்ணுவேன். நீ அந்த வட்டத்தைத் தொடுகிற விதத்தில் அந்த விரல் தெரிந்தது. டீக்கடையிலும் காட்டினேன். நம்ம ராசு, "பக்கத்துல நிக்கிறவன்தான் ஓட்டுறானா?" என்று கேட்டான். என் மகள்தான்டா ஓட்டுகிறாள் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் நிற்கிற அந்தக் கறுப்பு பனியன்காரன் யார்? இருபத்தி மூணாவது நிமிஷத்தில் வருகிறான். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நேராக சவுண்ட் மிக்சரில் கையை வைத்து ஏதோ திருகைக் குறைக்கிறான். நீ ஹெட்போனை ஒரு காதிலிருந்து இறக்கிவிட்டு அவனைப் பார்த்துச் சிரிக்கிறாய். நான் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன் கயல். சத்தம் மிஞ்சினால் மிக்சரில் எரியுமே சிவப்பு விளக்கு, அது எரியவில்லை. பச்சையும் மேலே ஒரே ஒரு ஆரஞ்சும்தான். சவுண்ட் எங்கேயும் உடையவில்லை. முப்பத்தி எட்டு வருஷம் மைக்செட் போட்டு ஆம்ப்ளிஃபயர் முள்ளைப் பார்த்தவன் சொல்கிறேன்.

அதற்கப்புறம் நாலு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. போன் வருகிறது, "சாப்பிட்டேன், தூங்கினேன், அம்மாகிட்ட குடுங்க" என்பதோடு சரி. தம்பியிடம் மட்டும் ஏதோ சொல்லியிருக்கிறாய். பேரை மாற்றிக்கொள்ளப் போகிறாயாம், ஆணா பெண்ணா என்று தெரியாத மாதிரி வெறும் எழுத்தாக வைக்கப் போகிறாயாம். நான் எதுவும் கேட்கவில்லை. உன் பேர், உன் தொழில். அவனிடம் சொல்லலாம், அப்பனிடம் சொல்லக்கூடாது, இருக்கட்டும்.

நீ சொல்லித்தான் அந்தப் பெல்ஜியத்து டீஜே பெண்ணைத் தெரியும், சார்லட் டி விட். அவளும் முதலில் ரேவிங் ஜார்ஜ் என்று ஆம்பளைப் பேரில்தானே வாசித்தாள். 2015 வாக்கில் சொந்தப் பேருக்கு வந்தாள், 2022இல் அங்கே டுமாரோலேண்ட் என்ற இசைத் திருவிழாவின் பெரிய மேடையில் கடைசி ஆளாக வாசித்து முடித்து வைத்தாள், பெண்களில் முதல் ஆள் என்று நீதான் ராத்திரி ஒரு மணிக்கு மெசேஜ் போட்டாய். கடைசியாக வாசிப்பது என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம். திருவிழாவில் கடைசி நாள் செட் யாருக்கு என்றுதானே மண்டகப்படிக்காரர்கள் சட்டையைப் பிடிப்பார்கள். உனக்கு மட்டும் ஏன் எப்போதும் முதல் ஆள், கூட்டம் வருவதற்கு முன்னால்? கேட்டால் "வார்ம் அப் கஷ்டமான வேலைப்பா" என்கிறாய். கஷ்டம்தான், விடிகாலை நாலு மணிக்குப் பிள்ளையார் பாட்டு போட்டு ஊரை எழுப்பினவனுக்குத் தெரியாதா? ஆனால் அதையே பதினைந்து வருஷம் ஒருத்தனிடம் கொடுத்தால் அவன் கேட்பானா மாட்டானா?

வியன்னாவில் எலக்ட்ரிக் இண்டிகோ என்ற டீஜே 1998இல் ஆரம்பித்த ஃபீமேல் பிரஷர் என்ற பெண் இசைக்காரர்கள் சங்கம், இசைத் திருவிழாக்களில் வாசிக்கிறவர்களில் எத்தனை பெண் பேர் என்று எண்ணுகிறார்களே, அந்தக் கணக்கையும் தம்பியை விட்டுத் திறந்து பார்த்தேன். 2012இல் நூற்றுக்குப் பத்து பேர்கூட இல்லை. பத்து வருஷம் கழித்து சுமார் கால்வாசி. ஏறியிருக்கிறது என்று நீ சந்தோஷப்படுவாய். எனக்கு மீதி முக்கால்வாசிதான் கண்ணில் படுகிறது.

பணம் வாங்கினாயா? அட்வான்ஸ் வாங்காமல் வண்டியில் சாமான் ஏற்றாதே என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். உனக்கு அடுத்து வாசித்த பையனுக்கு எவ்வளவு என்று விசாரி. கூச்சப்படாதே, இது தொழில். எழுத்தில் வாங்கு. அப்புறம் காது. தேனி டாக்டர் சொன்னதை உனக்கு எழுதியே தீர வேண்டும்: 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்குமாம், மூன்று மூன்றாக ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறையுமாம், நூறுக்கு வந்தால் கால் மணி நேரம்தான். நீ நிற்கிற இடத்தில் அதற்கு மேலேயே இருக்கும். இங்கே ராத்திரி பத்து மணிக்குப் போலீஸ் வந்து செட்டை நிறுத்தச் சொல்கிறான், உங்கள் பெர்லினில் பத்து மணிக்குக் கதவையே திறப்பதில்லை. அடைப்பானைப் போடு.

சரி. நான் எழுத உட்கார்ந்தது இதையெல்லாம் இல்லை.

அந்தக் கறுப்பு பனியன்காரன் கையைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அந்தக் கையை நான் முன்னாடியே பார்த்திருக்கிறேன். 2008 பங்குனித் திருவிழா, உனக்குப் பதினாலு வயசு. நான் சாப்பிடப் போயிருந்தேன், நீ செட்டில் உட்கார்ந்திருந்தாய். வள்ளி திருமணம் நாடகம் ஆரம்பிக்கிற நேரம் மைக் ஊளையிட்டது. நான் இலையிலிருந்து எழுந்து ஓடி வந்தேன். கமிட்டி ஆட்கள் முன்னால் உன் கையைத் தட்டிவிட்டு, "பொட்டப்புள்ள கைய வச்சா இப்படித்தான், நீ அம்மாகிட்ட போ" என்றேன். செட் பையன் மாரியை உட்கார வைத்தேன். நீ அழவில்லை, சிரித்தாய். வீடியோவில் அவனைப் பார்த்துச் சிரித்தாயே, அதே சிரிப்பு.

ஊளையிட்டது உன்னால் இல்லை. சாப்பிடப் போகும் முன்னால் ரெண்டாவது மைக்கை ஸ்பீக்கர் பாக்ஸைப் பார்த்து வைத்துவிட்டு, அதைத் திறந்தபடியே விட்டுப் போனவன் நான். நான் வந்தபோது உன் விரல் சரியான திருகில்தான் இருந்தது, குறைத்துக்கொண்டுதான் இருந்தாய். அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். நாடகம் முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். விடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். பதினாலு வயசுப் பிள்ளையிடம் போய் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன். நீ அதற்கப்புறம் ஒரு வருஷம் செட் பக்கமே வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

லீவுக்கு வந்திருந்தபோது அந்த லண்டன் அம்மா கதை சொன்னாயே, டெலியா டெர்பிஷயர். 1959இல் டெக்கா கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனவரிடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை எடுப்பதில்லை என்றார்களாம். அப்புறம் பிபிசியில் ஒலிநாடாவை பிளேடால் வெட்டி வெட்டி ஒட்டி 1963இல் டாக்டர் ஹூ என்ற டி.வி. தொடருக்கு அந்த முகப்பு இசையைச் செய்தார். டி.வி.யில் அவர் பேர் வர ஐம்பது வருஷம் ஆனது, அவர் 2001லேயே போய்விட்டார். நீ சொல்லச் சொல்ல நான் "அநியாயம், அநியாயம்" என்று தலையாட்டினேன். நீ அப்போது ஒரு தடவை நிமிர்ந்து நம் கடை போர்டைப் பார்த்தாய். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"மாணிக்கம் அண்ட் சன் சவுண்ட் சர்வீஸ்". அந்தச் சன் பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை, பெயின்டர் ஏணி போட்டு எழுதினான். கீழே நின்று பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தது நீ. ஆறு வயசு. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இதுல நான் எங்கப்பா?" என்று கேட்டாய். பெயின்டர் சிரித்தான். நானும் சிரித்தேன்.

கடையைத் தம்பி ரீசார்ஜ் கடையாக்கிவிட்டான், உனக்குத் தெரியும். குழாய் ஸ்பீக்கர்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். அவனைக் குறை சொல்லி என்ன, அவனுக்குக் காது கிடையாது, அவன் கேட்கவும் இல்லை, நான்தான் திணித்தேன். போர்டை மட்டும் விற்கவிடாமல் மாடியில் வைத்திருக்கிறேன்.

அதனால் பேரை மாற்றாதே என்று எனக்குச் சொல்ல வாயில்லை. மாற்றினால் மாற்றிக்கொள். ஆனால் எதை மாற்றினாலும் முதலில் எனக்குச் சொல், தம்பி வழியாக வேண்டாம்.

பழைய ரெக்கார்டு பிளேயரைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஊசி தேய்ந்துபோய்விட்டது, மதுரையில் கேட்டுப் பார்த்தாகிவிட்டது, இல்லை என்கிறார்கள். அளவை தம்பி அனுப்புவான். அங்கே கிடைத்தால் வரும்போது இரண்டு வாங்கி வா, காசு நான் தருகிறேன்.

அடுத்த ஞாயிறு போன் பண்ணும்போது உடனே அம்மாவிடம் கொடுக்கச் சொல்லாதே. கொஞ்சம் சத்தமாகப் பேசு. இடது காது எனக்கு இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை, அம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. போனை வலது பக்கம் வைத்துக்கொள்கிறேன்.

அப்பா