முதலில் பட்டறை, அப்புறம் விமானம்

பாம்பன்

அன்பு மகளுக்கு,

வீட்டிலேயே கட்டும் ஆர்.வி-7 குட்டி விமானத்தின் கிட்டுக்குப் பணம் கட்டிவிட்டோம் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. உச்சிப்புளிக் கடற்படைத் தளத்து விமானம் தலைக்கு மேல் போனால் சாப்பாட்டைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிய பிள்ளை நீ. எனக்கு ரொம்பப் பெருமை.

வால் பகுதிதான் முதலில் வரும் என்றாய். வரட்டும். ஆனால் பட்டறை தயாராகாமல் பெட்டியைப் பிரிக்காதே. கராஜ்தான் பட்டறை, அதனால் மாப்பிள்ளையின் கார் இனி வெளியேதான் நிற்கும். ஓஹியோவில் பனி கொட்டும், அவரிடம் இப்போதே சொல்லிவிடு.

முதல் வேலை மேசை. அடியில் ஓடும் ஏராக்கட்டை கோணினால் வள்ளம் ஆயுசுக்கும் ஒரு பக்கம் இழுக்கும். உன் மேசைதான் இறக்கைக்கு ஏரா. முறுக்கின மேசையில் கட்டிய இறக்கை முறுக்கித்தான் வரும், விமானமும் ஒரு பக்கம் சாயும். இரண்டடி அகலம், ஐந்தடி நீளத்தில் இரண்டு மேசை போடு. சேர்த்தும் வைக்கலாம், பிரித்தும் வைக்கலாம். சுவரை ஒட்டிப் போடாதே, சுற்றி வர வழி வேண்டும். ரசமட்டம் மட்டும் பார்த்தால் போதாது. மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு நூலை இழுத்துக் கட்டு. நடுவில் இரண்டும் லேசாகத் தொட்டால் சரி. இடைவெளி விட்டாலோ ஒன்றை ஒன்று அழுத்தினாலோ காலுக்கு ஆப்பு வைத்துச் சரி பண்ணு.

அடுத்தது தகடு. அந்த அலுமினியத்தில் பலத்துக்காகச் செம்பு கலந்திருக்கும். செம்பு கலந்தால் சீக்கிரம் அரிக்கும் என்று மேலே சுத்த அலுமினியப் படலம் ஒன்றை ஏற்றியிருப்பார்கள். ரொம்ப மெல்லிசு. அதைக் கீறிவிட்டால் அரிப்புக்கு வழி திறந்துவிட்டாய். அதனால் ஊசியால் கோடு போடாதே. ஆசாரிப் பென்சிலும் ஆகாது, அந்தக் கரியே அலுமினியத்தை அரிக்கும். மார்க்கர் பேனா வைத்துக்கொள். இரும்பைத் தேய்த்த அரமும் கம்பி பிரஷும் இந்த மேசைக்கு வரவே கூடாது, துகள் ஒட்டிக்கொள்ளும். உங்கள் ஊரில் கடல் இல்லைதான். ஆனால் கை வியர்வையிலும் உப்பு இருக்கிறதே! 1914-ல் திறந்த நம் பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு எத்தனை பெயிண்ட் அடித்தார்கள், கடைசியில் அரிப்பால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. உள்பக்கத்துக்கெல்லாம் அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சான பிரைமர் அடித்துவிடு. மூடிய பிறகு உள்ளே கை போகாது.

தகடு துளை போட்டே வருகிறது என்றாலும் ஒவ்வொன்றிலும் பிசிறு எடுக்க வேண்டும். விரல் நுனியால் தடவிப் பார், கண்ணை நம்பாதே. பிசிறு நின்ற இடத்தில்தான் பின்னால் விரிசல் தொடங்கும். தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவிட்டே 10,000-க்கு மேல் வருமாம். அலுப்பு தட்டினால் விளக்கை அணைத்துவிட்டு எழுந்து போ, மறுநாள் செய்துகொள்ளலாம். ரிவிட்டை ஒருவர் ரிவிட் கன்னால் அடிக்க, இன்னொருவர் பின்னால் இரும்புக் கட்டையை அணைத்துப் பிடிக்க வேண்டும். அதற்கு மாப்பிள்ளையைப் பழக்கு. இருவரும் காதுக்கு மூடி போடாமல் தொடக் கூடாது.

அப்புறம், வேலையில் பாதிக்கு மேல் உங்கள் கையால் நடந்தது என்று அந்த நாட்டுச் சட்டத்துக்குக் காட்ட வேண்டுமே. அன்றன்றைய வேலையைப் படம் எடுத்துத் தேதியோடு எழுதி வை.

கராஜின் நீள அகலம், கதவின் அகலம், தரை எந்தப் பக்கம் சரிகிறது, பிளக் எங்கே இருக்கிறது, எல்லாம் இந்த வாரமே அளந்து அனுப்பு. மேசைக்கு மரம் வாங்கும் முன் நான் படம் போட்டுத் தருகிறேன்.

அப்பா

அம்மா கேட்கச் சொன்னாள்: பெயிண்ட் அடிக்கும்போது மூக்குக்கு நல்ல மாஸ்க் இருக்கிறதா?