நெகட்டிவ் பெட்டிகளைக் கொடுத்துவிடாதே

திண்டுக்கல்,
ஞாயிறு காலை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வியாழனன்று வந்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, செய்தித்தாளை மறுபடியும் நீயே படிக்கிறாய் என்ற வரியை என் மனைவிக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சுகம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

உன் கடிதத்தின் கடைசிப் பத்திதான் என்னை உடனே எழுத வைத்தது. உன் ஸ்டூடியோ மாடியில் கிடக்கும் ஃபிலிம் நெகட்டிவ் பெட்டிகளுக்குப் பழைய சாமான் வியாபாரி விலை பேசுகிறார், பொங்கலுக்குள் இடத்தைக் காலி செய்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். கொடுத்துவிடாதே. காரணம் சொல்ல, போன மாதம் கல்லில் படம் பதிக்கும் என் கடையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குக் கறுப்பு கிரானைட்டில் அவர் முகத்தைப் பதித்துத் தர வேண்டும். ஆறு அங்குல அகலம், எட்டு அங்குல உயரம். அவர்களிடம் இருந்தது போனில் ஒரு படம். பல கை மாறி, 480க்கு 640 புள்ளியாகச் (பிக்சல்) சுருங்கிப்போயிருந்தது. என் லேசர் இயந்திரத்தின் ஒளிக்கற்றை கல்லில் வைக்கும் பொட்டு 0.1 மில்லிமீட்டர். அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதால், ஓர் அங்குலத்தில் 254 பொட்டுகள். அப்படியானால் ஆறங்குலத்துக்கு 1,524 புள்ளிகளும் எட்டங்குலத்துக்கு 2,032 புள்ளிகளும் வேண்டும். அவர்கள் தந்த படத்தில் உள்ளதை உள்ளபடி பதித்தால் இரண்டு அங்குல அகலம்கூடத் தேறாது.

செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள் ஒன்றில் கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் நான்கு மடங்காகிவிட்டது. இமை மயிர் தனித்தனியாகத் தெரிந்தது, கண்ணில் ஒளி வந்தது. மனம் மயங்கி அப்படியே கல்லில் ஏற்றினேன். வாங்க வந்தபோது மூத்த மகளும் கூட வந்திருந்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது எங்கள் அம்மா இல்லை" என்றார். அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தண்டட்டி போட்டுத் தோள்வரை தொங்கிய காதை மென்பொருள் சாதாரணக் காதாக்கியிருந்தது. தண்டட்டி கழுத்தோரம் ஒரு மினுமினுப்பாக மிஞ்சியிருந்தது. மூக்குத்தி கன்னத்தோடு கரைந்துவிட்டது. கண்கள் அழகாக இருந்தன, ஆனால் வேறு யாருடையவோ.

இதில் வியக்க ஒன்றுமில்லை. இவ்வகை மென்பொருள்கள் பலவற்றுக்குப் பாடமாக இருந்தது இணையத்தில் திரட்டிய 70,000 முகங்கள் கொண்ட ஒரு தொகுப்பு. மங்கலான இடத்தில் என்ன இருந்தது என்பது அவற்றுக்குத் தெரியாது, இப்படிப்பட்ட முகத்தில் என்ன இருக்கக்கூடும் என்று ஊகித்து நிரப்புகின்றன. நம் ஆசிரியர் நெகட்டிவில் பென்சில் பிடித்துக் குறைகளை மறைக்கும் டச்சிங் வேலை சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? பருவை எடுக்க விடுவார், மச்சத்தைத் தொட விடமாட்டார். அந்தப் பாடத்தை நாற்பது வருடம் கழித்து ஒரு கல்லை வீணாக்கி மறுபடி படித்தேன். கல்லின் விலையை நானே ஏற்றுக்கொண்டேன், அந்த மகள் முகம் வாடியதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிறகு கேட்டேன்: "அம்மாவுக்கு வங்கிக் கணக்கு இருந்ததா?" பாஸ்புக்கில் ஒட்டிய படம் கிடைத்தது. 3.5க்கு 4.5 சென்டிமீட்டர், தோள் மேல் பாதி முத்திரை. அங்குலத்துக்கு 1,200 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் 1,654க்கு 2,126 வருகிறது, எனக்குத் தேவையானதைவிடச் சற்று அதிகமாகவே. அச்சுத் தாளில் அவ்வளவு நுணுக்கம் கிடையாது என்பது உனக்குத் தெரியும், பாதிக்கு மேல் தாளின் சொரசொரப்புதான். இருந்தாலும் அதில் தெரிந்த ஒவ்வொன்றும் அவருடையது. முத்திரையைப் புடவைப் பகுதியில் மட்டும் அழித்தேன். துணியை நாம் ஊகிக்கலாம், முகத்தை ஊகிக்கக் கூடாது. அளவையும் ஐந்தங்குல உயரத்துக்குக் குறைத்துக்கொள்ளச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். இந்த முறை மகள் கல்லைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இனி உன் மருமகன் கேட்டது. மரப் பலகையில் முகங்கள் கரி பூசினாற்போல் வருகின்றன என்றால், குறை இயந்திரத்தில் இருக்காது. வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருக்கப்பட்டிருக்கும், அசலை ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்கட்டும். ஜேபெக் வடிவில் சுருக்கிய படத்தில் எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்கள் ஒளிந்திருக்கும், திரையில் கண்ணுக்குப் படாது, பதித்தால் தெரியும். பெரிதாக்குவதற்கு முன்பே அவற்றை மென்மையாக்க வேண்டும், பின்னால் செய்தால் கட்டங்களும் சேர்ந்து பெரிதாகிவிடும். மரத்தில் சூடு பரவி ஒவ்வொரு பொட்டும் தடிக்கும், ஆகவே நடுத்தரச் சாம்பல் நிறங்களைத் திரையில் பார்ப்பதைவிட நன்றாக வெளுக்க வைக்க வேண்டும். நாம் இருட்டறையில் அச்சுத் தாளுக்குத் தக்கபடி வெளிச்சம் கொடுத்ததைப் போலத்தான்.

உன் மருமகன் அநேகமாகச் செய்யும் பெரிய தவறு வேறு. லேசரைச் சுடு அல்லது விடு என்றே வேலை வாங்குகிறோம், சாம்பல் நிறம் என்பது பொட்டுகளின் நெருக்கம்தான். ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1976இல் வெளியிட்ட முறையில்தான் இன்றும் பலர் படத்தைப் பொட்டுகளாக மாற்றுகிறோம். அப்படி மாற்றிய பின் அளவைக் கூட்டினாலோ குறைத்தாலோ முகத்தில் வரி வரியாக ஓடும். முதலில் அளவு, பிறகு பொட்டு. கறுப்புக் கல்லில் லேசர் பட்ட இடம் வெளுக்கும் என்பதால் படத்தைக் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் நெகட்டிவாக மாற்றி அனுப்ப வேண்டும் என்பதையும் சொல். உனக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும்.

கோயில் முத்திரை, கடைப் பெயர் போன்றவற்றைப் பெரிதாக்கவே வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கோடுகளாகத் திரும்ப வரைந்து, எழுத்துகளைப் புதிதாகத் தட்டச்சு செய்துவிடட்டும். பெரிதாக்கும் மென்பொருள் தமிழ் மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளியை விழுங்கிவிடுகிறது.

இப்போது உன் பெட்டிகளுக்கு வருகிறேன். 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் ஒன்று 24க்கு 36 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 2,400 என்று ஸ்கேன் செய்தால் 2,268க்கு 3,402 புள்ளிகள், அந்த ஆறுக்கு எட்டு அங்குலக் கல்லை நிரப்பி மிஞ்சும். வியாபாரி அவற்றை ஃபிலிமில் உள்ள வெள்ளி உலோகத்துக்காகக் கேட்கிறார். உன் ஊரைச் சுற்றி எத்தனை வீட்டில் தாத்தா பாட்டியின் முகம் இன்று ஒரு மங்கிய போன் படமாக மட்டும் மிஞ்சியிருக்கும்? அவர்களில் பலருடைய உண்மையான முகம் உன் மாடியில் இருக்கிறது. பதிவு நோட்டுகளும் இருக்கின்றன என்று முன்பு எழுதியிருந்தாய். எண்ணும் தேதியும் இருந்தால் தேடி எடுத்துவிடலாம்.

பெட்டியைத் திறக்கும்போது வினிகர் வாடை அடிக்கும் உறைகளை மட்டும் தனியே எடுத்து வை, அந்த ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, மற்றவற்றையும் கெடுக்கும். அவற்றைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். மாடி ஓட்டில் ஒழுகல் இருந்தால் பெட்டிகளைக் கீழே இறக்கிவிடு, நீ தூக்காதே, கண்ணுக்கு ஆகாது, பையன்களை வைத்துச் செய். அடுத்த சனிக்கிழமை காலை பஸ்ஸில் காரைக்குடிக்கு வருகிறேன். ஸ்கேனரையும் பருத்திக் கையுறைகளையும் நான் கொண்டுவருகிறேன், நீ பதிவு நோட்டுகளைத் தேடி வை.

உன்
பழைய இருட்டறைக் கூட்டாளி