தேதி பார்ப்பது யார் வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். சூப்பர் மார்க்கெட்டில் காலாவதியான பொருளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டு அப்புறம் கடைக்காரரிடம் போய் சண்டை போடுவது என்ன நியாயம், பாக்கெட்டில் தேதி போட்டிருக்கிறது, நமக்குக் கண் இருக்கிறது, பார்த்து வாங்க வேண்டியதுதானே என்று. படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அவர் சொல்லும் சண்டைக்காரர்களில் நானும் ஒருத்தி.

நாங்கள் பாபநாசம் பக்கத்துக் கிராமம். முன்பெல்லாம் மளிகை என்றால் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால் பொட்டலம் கட்டித் தருவார்கள். பருப்பில் வண்டு இருந்தால் திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டி நாலு வார்த்தை பேசிவிட்டு வருவோம், கடைக்காரரும் முணுமுணுத்துக்கொண்டே வேறு போட்டுத் தருவார், யார் பொறுப்பு என்ற கேள்வியே வந்ததில்லை. இப்போது மெயின் ரோட்டிலேயே ஏ.சி. போட்ட கடை வந்துவிட்டது, கூடையைத் தூக்கிக்கொண்டு நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். வேலையில் பாதி நம் கைக்கு வந்ததோடு பழியும் நம் தலைக்கு வந்துவிட்டது என்பதுதான் விஷயம்.

நடந்ததைச் சொல்கிறேன். பெங்களூரிலிருந்து பேரன் வந்திருந்தான், அப்பாயி எனக்குப் பன்னீர் வேணும் என்றான். நானும் போய் 200 கிராம் பாக்கெட் ஒன்றும் மறுநாள் காலைக்கு மாவு பாக்கெட் ஒன்றும் எடுத்து வந்தேன். தேதி பார்த்தாயா என்று கேட்பீர்கள், பார்த்தேன். பன்னீர் பாக்கெட்டில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் கடையின் விலை ஸ்டிக்கர் இருந்தது, அதுவும் கோணல்மாணலாக இல்லை, அளந்து வைத்தது போல அந்த இடத்தில். பின்னால் கூட்டம், பில் கவுண்டரில் அவசரம், சரி நேற்று வந்த சரக்காகத்தான் இருக்கும் என்று போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் மருமகள் நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, இது டேட் போயி ஒம்போது நாளாச்சு" என்றாள். அதற்கப்புறம்தான் பாக்கெட் லேசாக உப்பியிருப்பதே என் கண்ணில் பட்டது.

பில்லோடு திரும்பிப் போனேன். கவுண்டரில் இருந்த பையன், "நீங்கதாம்மா பாத்து எடுத்திருக்கணும்" என்றான். மேனேஜர் வந்து பாக்கெட்டைக் கையில் வாங்கி, ஸ்டிக்கரைப் பார்த்து, என்னைப் பார்த்து, "சரி விடுங்கம்மா, வேற ஒண்ணு மாத்திக்கங்க" என்றார். மாற்றப் போனால் ஃப்ரிட்ஜில் அதே தேதியில் இன்னும் நாலு பாக்கெட். இதை எடுத்து அந்தண்டை வையுங்கள் தம்பி என்றால், "சேல்ஸ்மேன் வந்தாத்தாம்மா எடுப்பாங்க, ரிட்டன் போடணும்" என்கிறார். அதாவது ஏஜென்சிக்காரர் வண்டி வரும்வரை அது அங்கேயே, விற்கிற சரக்கோடு சரக்காக உட்கார்ந்திருக்கும், இடையில் என்னை மாதிரி யாராவது எடுத்துப்போனால் ரிட்டன் போடும் வேலையும் மிச்சம். நான் நகரவில்லை. அந்த நாலையும் ஒரு கூடையில் போட்டு உள்ளே கொண்டுபோனதைப் பார்த்த பிறகுதான் வந்தேன். சண்டை என்றால் இதுதான் சண்டை.

இப்போது அந்த வாசகருக்கு. பொறுப்பு யாருடையது என்பது நீங்களும் நானும் திண்ணையில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய சமாசாரம் இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. 2006-ல் போட்டு 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், அதில் 27-ஆவது பிரிவு. மகன் போனில் எடுத்துக் காட்டினான், நான் இரண்டு முறை படித்தேன். தயாரிப்பவர், பொட்டலம் போடுபவர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், விற்பவர் என்று ஒவ்வொருவருக்கும் எதெதற்குப் பொறுப்பு என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். காலாவதி தேதிக்குப் பிறகு சரக்கு அனுப்பினால் விநியோகஸ்தர் பொறுப்பு, காலாவதி தேதிக்குப் பிறகு விற்றால் விற்றவர் பொறுப்பு. அந்தப் பட்டியலில் வாங்குபவர் என்று யாரும் இல்லை. நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம் என்று கடைக்காரர் வாதாடலாம், ஆனால் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டியவரும் அவரே.

நான் பார்த்து வாங்குவது என் நல்லதுக்கு. வீட்டுக் கதவைப் பூட்டுவது மாதிரி. பூட்ட மறந்தால் என் அசட்டுத்தனம்தான், அதற்காகத் திருடியவன் குற்றம் என் கணக்கில் எழுதப்படுமா?

இதில் கடையில் வேலை பார்க்கிற பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தெருப் பெண் ஒருத்தி வேறொரு ஊர்க் கடையில் ரேக் அடுக்குகிறாள். காலையில் பஸ்ஸில் போனால் ராத்திரிதான் வருவாள். பழைய தேதி முன்னால், புதுத் தேதி பின்னால் என்று அடுக்க வேண்டும், அதுதான் முறை, அவளுக்கும் தெரியும். ஆனால் லோடு வந்து இறங்கும் நேரத்தில் இரண்டு பேர் மூன்று வரிசையைப் பார்க்க வேண்டியிருந்தால் எது கைக்கு வருகிறதோ அது முன்னால் போய்விடுகிறது என்றாள். பில் போடும் மிஷினில் தெரியாதா என்று கேட்டேன். தெரியாதாம். நாமெல்லாம் அந்தக் கோடு கோடான பார்கோடில் எல்லாம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், 890 என்று ஆரம்பிக்கும் அந்த 13 இலக்கம் இது இன்ன கம்பெனியின் இன்ன பொருள் என்று மட்டும்தான் சொல்லும், போன வருஷம் போட்ட பாக்கெட்டுக்கும் நேற்றுப் போட்ட பாக்கெட்டுக்கும் ஒரே எண்தான். அதனால் டிங் என்று சத்தம் வந்து பில்லில் ஏறிவிடும். யாராவது ஒரு மனுஷன் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

பார்க்கத் தவறினால் என்ன ஆகும் தெரியுமா, அவள் கடையில் அந்த வரிசைப் பெண்ணின் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்களாம். சட்டம் முதலாளி மேல் வைத்த பாரம் ஒரு பக்கம் வாடிக்கையாளர் மேல் இறங்குகிறது, இன்னொரு பக்கம் நாளெல்லாம் நின்று கால் வீங்கும் பெண் மேல் இறங்குகிறது, நடுவில் இருப்பவர் மேல் மட்டும் தூசு படுவதில்லை. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று 2021-ல் நம் சட்டசபையில் சட்டத் திருத்தமே செய்தார்கள். அவள் கடையில் இன்னும் ஸ்டூல் வரவில்லை. அது வேறு கடிதம்.

கடைக்காரர் பக்கமும் ஒரு கஷ்டம் இருக்கிறது, மறைக்கவில்லை. சில ஏஜென்சிக்காரர்கள் டேமேஜ், அதாவது தேதி போன, கெட்டுப்போன சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று கையை விரித்துவிடுகிறார்கள், எடுத்தாலும் அடுத்த பில்லில் கழிக்க மாதக்கணக்காகிறது. அப்புறம் கடைக்காரர் என்ன செய்வார், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிறார். இலவசம் என்றால் நம் ஜனம் தேதியைப் பார்க்குமா? தேதி நெருங்கியதை விலை குறைத்து விற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, நானே வாங்குவேன், ஆனால் நெருங்கிவிட்டது என்று பெரிதாக எழுதித் தனிக் கூடையில் வையுங்கள். ஆன்லைனில் விற்பவர்கள் கையில் கொடுக்கும்போது இன்னும் 30 சதவீத ஆயுள் அல்லது 45 நாள் மிச்சம் இருக்கிற சரக்காகக் கொடுக்க வேண்டும் என்று 2024-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. எங்கள் மெயின் ரோட்டுக் கடைக்கு அந்த மாதிரி ஒரு வார்த்தை யாராவது சொன்னால் தேவலை.

நானும் ஒழுங்கு என்று சொல்லமாட்டேன். பால் பாக்கெட்டோ தயிரோ எடுக்கும்போது முன்னால் இருப்பதை விட்டுவிட்டு முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பின்னால் இருப்பதைத்தான் உருவுவேன். எல்லாரும் அப்படியே செய்தால் முன்வரிசை கிழடு தட்டித்தான் நிற்கும். எங்கள் வீட்டுக்காரர் இன்னும் மோசம். விதை நெல் வாங்கப் போனால் மூட்டையில் தைத்திருக்கும் நீலச் சான்றட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பரிசோதனை செய்த நாளிலிருந்து 9 மாதம் தாண்டியிருந்தால் மூட்டையைத் தொடமாட்டார், ஏனென்றால் முளைக்காவிட்டால் குறுவை போச்சு. அதே மனுஷன் மிக்சர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரிப்பார், தேதி போட்ட ஓரத்தையே கடித்துத் துப்பிவிடுவார்.

அட்டையில் போடுகிற லட்சணத்தையும் சொல்ல வேண்டும். எண்ணெய்க் கவரில் தேதியைக் கட்டைவிரலால் தேய்த்தால் மை கையோடு வருகிறது. சிலதில் மூட்டு ஒட்டிய மடிப்பில் அச்சடிக்கிறார்கள், பாதி எழுத்து மடிப்புக்குள். சிலதில் பேக் செய்த நாளிலிருந்து 6 மாதம் என்று ஓரிடத்தில், பேக் செய்த நாளுக்கு மூடியைப் பார் என்று இன்னோரிடத்தில், மூடியில் போய்ப் பார்த்தால் புள்ளி புள்ளியாக ஏதோ கோலம். நாம் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாம் இங்கிலீஷில். விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பதுதான் விதி, தமிழில் போடுவது கம்பெனியின் இஷ்டம். என் மாமியாருக்கு 81 வயது, திண்ணையில் உட்கார்ந்து உங்கள் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர், அவரால் ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் தேதியைப் படிக்க முடியாது. கண் இருக்கிறதே என்று எழுதியவர் இதையும் யோசித்திருக்கலாம்.

2020-ல் வந்த லேபிள் விதிப்படி இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும் என்பதுதான் கட்டாயம், இந்தத் தேதிவரை நன்றாக இருக்கும் என்பது கூடுதலாக வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றில்லை. நன்றாக இருக்கும் தேதி தாண்டிய பிஸ்கட் நமுத்துப்போயிருக்கும், அவ்வளவுதான், மற்றது தாண்டினால் குப்பைதான். தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்குக்கூட எதுவரை சாப்பிடலாம் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறை. எங்கள் பக்கத்து ஸ்வீட் கடைகளில் நான் தேடிப் பார்த்தேன், விலை எழுதிய அட்டை எல்லாத் தட்டிலும் இருக்கிறது.

தேதி மட்டும் சரியாக இருந்தாலும் போதாது, குளிரில் வைத்தால்தான் அந்தத் தேதிக்கு அர்த்தம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் என் தங்கை ஊரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வந்த பிறகு அங்கே ஒரு கடையில் வாங்கிய ஐஸ்கிரீம் கப்பைத் திறந்தால் மேலெல்லாம் பனிக்கட்டி ஊசி ஊசியாக நிற்கிறது, உருகி மறுபடி உறைந்தது. தேதி என்னவோ அடுத்த வருஷம் வரைக்கும் இருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் தீபாவளிக்கு முன்பு மட்டும் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகாமல் சாதாரண செவ்வாய்க்கிழமையும் வரட்டும். எந்த வரிசையை யார் எந்தத் தேதியில் பார்த்தார்கள் என்று கடையில் ஒரு நோட்டு வைத்துக் கேட்டால் காட்டட்டும். தவறினால் முதலாளி கட்டட்டும், அந்தப் பெண்ணின் சம்பளத்தில் கை வைக்க வேண்டாம். விலை ஸ்டிக்கர் ஒட்ட பாக்கெட்டில் வேறு இடமே இல்லையா?

வாசகர்கள் தயவுசெய்து பில் வாங்குங்கள், பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் தேதியும் அதில் போட்டிருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322, நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. பன்னீர் 5 லட்சத்துக்கு யாரும் வாங்கப் போவதில்லை.

போன வாரம் எழுதிய அந்த வாசகர் எங்கள் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரட்டும், காப்பி தருகிறேன். அன்றைக்கு வாங்கிய மாவு பாக்கெட்டின் கவரைக் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். என் மாமியாரின் மூக்குக் கண்ணாடியையும் தருகிறேன், அதில் தேதி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.