நாரைக் குஞ்சும் நம் வீட்டு அடுப்பங்கரையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மரத்திலிருந்து விழுந்த நாரைக் குஞ்சுக்கு ஒரு பெண் தண்ணீர் புகட்டும் படத்தைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில் பார்த்தேன். குஞ்சு நின்றது சாப்பாட்டு மேசையில். தண்ணீர் இருந்தது எவர்சில்வர் டம்ளரில். பக்கத்திலேயே இன்னொருவர் இடுப்பில் கைக்குழந்தை. அந்தப் பெண்ணின் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. இதே காரியத்தை என் வீட்டில் நான் செய்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். 31 வருடம் சுகாதார ஆய்வாளராக ஊர் ஊராய்ப் போய், "கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கம்மா" என்று சொல்லித் திரிந்தவன் நான்.

எங்கள் பக்கம் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. கூந்தன்குளம் சரணாலயம் கூப்பிடு தூரம். அந்த ஊரில் நாரைகள் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும்; காற்றடித்தால் குஞ்சு விழுவதும், அதை யாராவது எடுத்து வளர்ப்பதும் புதிதல்ல. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் தெருமுனை வாகை மரத்திலிருந்து மடையான் என்ற கொக்கின் குஞ்சு ஒன்று விழுந்தது. டியூசனுக்குப் போன பேரன் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டான்.

முதல் பாடம் உடனே கிடைத்தது. இறக்கை ஒடிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். கழுத்தை மடக்கி வைத்திருந்த குஞ்சு சட்டென்று நீட்டியது. மூக்குக் கண்ணாடியில் 'டக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி இல்லாவிட்டால் கண் போயிருக்கும். கொக்கு, நாரை இனம் எதுவானாலும் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். துண்டைப் போட்டு மூடி, பின்பக்கமிருந்து தூக்குங்கள்.

இரண்டாவது பாடத்தை நான் படிக்கவில்லை. பயந்தால் தின்றதைக் கக்குவது அந்தப் பறவையின் குணம். பாதி செரித்த ஜிலேபிக் கெண்டையை என் மனைவியின் முந்தானையில் கக்கியது. அவள் அதை அடுப்பங்கரைத் தொட்டியிலேயே அலசினாள். அதே தொட்டியில் காய்கறி கழுவினோம், குஞ்சுக்கு மீன் வைத்த கிண்ணத்தையும் கழுவினோம். நாலு வயதுப் பேத்தி குஞ்சைத் தடவிவிட்டு அதே கையால் முறுக்குத் தின்றாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாம் நாள் பேத்திக்கு வாந்தி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. அந்தக் குஞ்சால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. மலப் பரிசோதனை செய்யவில்லை. பறவை எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கும், குழந்தைகளை அது எளிதில் பிடிக்கும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று. வீட்டில் காட்டுப் பறவை இருக்கிறது என்று டாக்டரிடம் நாங்கள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. "நீங்க ஊருக்கெல்லாம் சொல்லுவீங்களே" என்று மனைவி ஒரே ஒரு தடவை சொன்னாள்.

டாக்டரிடம் சொல்வது அவ்வளவு முக்கியமா என்று கேட்பீர்கள். புறா, கிளி வைத்திருப்பவர்களுக்கு வரும் சிட்டகோசிஸ் என்ற நோயை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த எச்சத்தூளை மூச்சில் இழுத்தாலே தொற்றும். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று சாதாரணச் சளிக்காய்ச்சல் போலத்தான் ஆரம்பிக்கும். அதற்கு வழக்கமான அமாக்சிசிலின் சரியாகக் கேட்காது; டாக்சிசைக்ளின் போன்ற மருந்து வேண்டும். பறவையைத் தொட்டது தெரிந்தால்தான் டாக்டரின் யோசனை அந்தப் பக்கம் போகும்.

எச்சத்தைக் காயவிட்டுத் துடைப்பத்தால் பெருக்குவது நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. தூசி நேராக நெஞ்சுக்குள் போகும். சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, முகக்கவசமும் கையுறையும் போட்டு, பழைய தாளால் வழித்தெடுங்கள். அதன்பிறகுதான் பிளீச்சிங் பவுடர் கரைசல். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் அழுக்கோடு தீர்ந்துபோகும், கிருமிக்கு மிஞ்சாது. கழிப்பறை ஆசிட்டை அதோடு கலக்கவே கூடாது, விஷவாயு வரும். பறவையின் நுரையீரல் நம்முடையதைவிட மென்மையானது, ஆகவே பறவை இருக்கும் பெட்டியை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு இதைச் செய்யுங்கள். கை அழுக்காக இருக்கும்போது சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான்.

படத்தில் இருந்ததுபோல் அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. மூச்சுக்குழலின் வாய் நாக்கு முடியும் இடத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். பால் வேண்டவே வேண்டாம், பறவைக்குச் செரிக்காது. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே பழைய துணி, மேலே மூடி, மாட்டுத் தொழுவமோ திண்ணையோ ஒரு மூலை. அது போதும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், சர்க்கரை முற்றியவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் பெட்டிக்கு அருகே போக வேண்டாம்.

ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் கதையே வேறு. 2021 ஜனவரியில் ராஜஸ்தானின் ஜாலாவாரில் காகங்களும், ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளும் செத்து விழுந்தது பறவைக் காய்ச்சலால். அங்கே இரக்கப்பட்டு எதையும் தூக்காதீர்கள். கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

உயிரோடு கிடைத்த காட்டுப் பறவையை வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆசையாக வளர்ப்பதற்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை. நாங்களும் பேத்தி படுத்த பிறகுதான் போன் செய்தோம். வனக்காவலர் ஒருவர் பைக்கில் வந்து பெட்டியோடு வாங்கிப் போனார்.

இப்படிப் படங்கள் போடும்போது, கை கழுவச் சொல்லி அடியில் இரண்டு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும். குஞ்சுக்கு மீன் வைத்த கிண்ணம் இன்றும் எங்கள் தொழுவத்துச் சுவரில்தான் கவிழ்ந்து கிடக்கிறது. பத்துத் தடவை கொதிக்கவைத்தாயிற்று. உள்ளே எடுத்துவர மனைவி சம்மதிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
மூலைக்கரைப்பட்டி, திருநெல்வேலி மாவட்டம்.